கல்லோடு வந்தது

786

மண்டபம்
14-6-1969

அன்புத் தங்கை வஹிதாவுக்கு அண்ணன் தஸ்தகீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். அங்கே அம்மாவின் சுகத்துக்கும் உன் சுகத்துக்கும் பதில் எழுதவும்.

வேலையில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. நமது நூர் பாஷா மொதலாளியின் லாரிகள் தருமபுரியில் புளி ஏற்றி மதுரையில் இறக்கிவிட்டு இங்கே வருகின்றன. இங்கே கடலுக்குள் ஆட்கள் மூழ்கிக் கடப்பாரையால் பவளப்பாறையைப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அதை லாரியில் ஏற்றிச் சேலத்துப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்ப வேண்டும். ஏற்றுவதைப் பார்த்து எழுதிக்கொள்வது என் வேலை. மூழ்குகிறவர்களுக்குக் கண்ணெல்லாம் ரத்தம் கட்டியிருக்கிறது. நான் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்ததன் லாபம் இந்த நிழல்தான்.

மொதலாளி சென்னையில் எங்கோ கடல்மீன் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தாராம். தன் வீட்டு ஹாலில் அதே மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி வேண்டும் என்கிறார். கலெக்டர், ஆர்.டி.ஓ. எல்லாம் வந்து பார்க்க வேண்டுமாம். அதனால் ஒவ்வொரு லாரியிலும் டின்களில் கடல் தண்ணீர், உயிருள்ள சின்னக் கற்கள், கொஞ்சம் மீன் எல்லாம் போகின்றன. நீ அவர் வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போவாயே, பார்த்துவிட்டு எழுது.

முக்கியமான விஷயம். நான் சம்பாதிக்கிறேன். அம்மா இனி எந்த வூட்டுக்கும் பாத்திரம் தேய்க்கப் போகக் கூடாது. இதை வேண்டுகோளாக இல்லை, உத்தரவாகச் சொல்.

இப்படிக்கு உன் அண்ணன்
தஸ்தகீர்


786

அதியமான்கோட்டை
29-6-1969

மரியாதைக்குரிய அண்ணனுக்கு வஹிதாவின் சலாம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் உத்தரவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சரின்னு எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன்.

தொட்டியைப் பார்த்தேன். லாரி பட்டறையில் இரும்புச் சட்டம் ஒட்ட வைத்து, நான்கு பக்கமும் கண்ணாடி பதித்து, கட்டில் நீளத்துக்குச் செய்திருக்கிறார்கள். மீன் மூச்சுவிடத் தண்ணீருக்குள் காற்று போக வேண்டுமாம். கரன்ட்டை நம்ப முடியாது. அதனால் ஒரு லாரி டியூபில் காற்றடித்து, அதன் வால்விலிருந்து சின்னக் குழாய் போட்டுக் கல்லுக்கடியில் விட்டிருக்கிறார்கள். காற்று இறங்க இறங்க சைக்கிள் பம்பால் அடிக்க வேண்டும். அடிப்பதற்கு ஒரு வேலைக்காரப் பொம்பளை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும் வரை அடிக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது தோள் இரண்டும் கல்லாகிவிடுகிறது என்று சொன்னார்கள்.

நம் தெருக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. நாங்கள் அரை மைல் நடக்கிறோம். ராமநாதபுரத்துக் கடல் மட்டும் லாரி ஏறி தருமபுரிக்கு வந்துவிட்டது. எனக்கு அந்தத் தொட்டியை உடைக்கலாம் போலிருந்தது.

போன புதன்கிழமை ஒரு கல் நடந்தது. பொய் இல்லை. இந்த மூலையில் இருந்த கல் அந்த மூலைக்குப் போனது. மொதலாளி பெண்சாதி ஜுபைதா பீ "ஜின்! ஜின்!" என்று கத்தி மயங்கி விழுந்தாள். பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி ஹஜ்ரத்தைக் கூட்டி வந்து ஓதினார்கள். ஓதி முடித்ததும் கல் திரும்பவும் நடந்தது. அந்த வேலைக்காரப் பொம்பளைதான் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் ஒரு நண்டு! முதுகில் பாசியும் கல்லும் சுமந்துகொண்டு நடந்திருக்கிறது. "இதுவும் நம்மளாட்டம் சொமக்கப் பொறந்ததுங்க" என்று அவர்கள் சொன்னதற்கு மொதலாளிகூடச் சிரித்துவிட்டார். யாரும் அந்த நண்டை அனுப்பச் சொல்லவில்லையே, எப்படி வந்தது?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வஹிதா


786

மண்டபம்
5-7-1969

அன்புத் தங்கைக்கு ஆசிகள். நான் நலம். கடல் காற்றில் உதடு வெடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. அம்மாவின் தோள்வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? நான் புறப்படும்போது வலிக்கிறது என்றார்கள்.

உன் கடிதத்தை இங்கே மூழ்கும் சவுரியப்பனுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, கல்லு கேட்டா கல்லு மட்டுமா வரும்? அது ஒரு ஊருங்க. ஒவ்வொரு பொந்துலயும் ஒருத்தன் குடியிருக்கான். டிக்கெட் எடுக்காம உங்க லாரியில ஏறி வந்துட்டான்" என்றார். நண்டு, இறால், புழு, சங்கு, இன்னும் பெயரில்லாதது எல்லாம் வருமாம். ரோமம் உள்ள சிவப்புப் புழு ஒன்று வரும், அதைத் தொட்டால் கண்ணாடித் தூள் போல முள் ஏறிவிடும் என்றார். தொட்டிக்குள் கை விடும்போது சாக்கைச் சுற்றிக்கொள்ளச் சொல்.

ஒன்று கவனித்தேன். காற்றடிக்கும் வேலைக்காரியைப் பற்றி "சொன்னார்கள், பார்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறாய். மொதலாளி பெண்சாதியோ "விழுந்தாள்". எட்டாவது படித்தவளுக்கு இலக்கணம் தலைகீழாகிவிட்டதா? யாரந்தப் பொம்பளை, உனக்கு அவ்வளவு மரியாதை?

அம்மாவுக்கு என் சலாம்.

தஸ்தகீர்


786

அதியமான்கோட்டை
2-8-1969

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். பதில் எழுத நாளாகிவிட்டது. அம்மாவின் வலது கை அடுப்பில் சுட்டுவிட்டது. அந்த வேலையும் இந்த வேலையுமாகப் போய்விட்டது. இப்போது பரவாயில்லை. கவலைப்பட வேண்டாம்.

இலக்கணத்தைத் திருத்திக்கொண்டேன். அந்தப் பொம்பளைக்குப் பெயர் கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏ பம்பு" என்று கூப்பிடுகிறார்கள்.

நீங்கள் எழுதிய சிவப்புப் புழு வந்துவிட்டது. கம்பளிப்பூச்சி போலவும் பூரான் போலவும் ஒரு முழ நீளம் கல்லிலிருந்து வழிந்தது. மொதலாளிக்கு அருவருப்பு. "எடுத்து எறி" என்றார். சாக்கு சுற்றிக்கொள்ளச் சொல்லி நீங்கள் எழுதியதை நான்தான் சொன்னேன். "வேலைக்காரி கைக்கு வெள்ளைக்காரன் மாதிரி உறை கேக்குதோ?" என்று சிரித்தார். அவள் வெறுங்கையால் எடுத்தாள். விரலெல்லாம் வெள்ளை முள். மூன்று நாள் கை வீங்கி, சுண்ணாம்பு தடவிக்கொண்டு, இடக்கையால் பம்பு அடித்தாள்.

இப்போது அதைவிடக் கேவலம் நடக்கிறது. மீன்கள் காணாமல் போகின்றன. நீல மீன் இரண்டு, மஞ்சள் கோடு போட்டது ஒன்று. செத்து மிதக்கவில்லை. துள்ளி வெளியே விழவில்லை. காலையில் எண்ணினால் குறைகிறது. மொதலாளி அந்தப் பொம்பளையைக் கூப்பிட்டு, "நீதான் எடுத்துட்டுப் போற. இல்லைன்னா குர்ஆன் மேல கைய வெச்சு சத்தியம் பண்ணு" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சொன்னாள்: "மொதலாளி, எம் புருசன் மவுத்தானப்போகூட நான் சத்தியம் பண்ணுனதில்லைங்க. ரெண்டு மீனுக்காக அல்லா கிதாப் மேல கைய வெக்க மாட்டனுங்க."

அவ்வளவுதான். சத்தியம் பண்ணாதவள் திருடி என்று முடிவாகிவிட்டது. ஜுபைதா பீ அவளுடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தினமும் வெளியே விடுகிறாள். முந்தானையையும் உதறச் சொல்கிறாள். நான் ரவிக்கையை அளவு பார்க்கக் கொடுத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

உங்கள் வேலை பத்திரம்தானே?

வஹிதா


786

மண்டபம்
9-8-1969

அன்புத் தங்கைக்கு. நலம், நலமறிய ஆவல். அம்மா அடுப்பில் கை சுட்டுக்கொள்கிற அளவுக்குக் கண் மங்கிவிட்டதா? நோன்புக்கு வரும்போது சேலம் கூட்டிப்போய்க் கண்ணாடி போட வேண்டும்.

நீ அந்தத் தொட்டி வீட்டில் ரொம்ப நேரம் நிற்கிறாய் என்று தோன்றுகிறது. கொடுத்தோமா வந்தோமா என்று இரு. மொதலாளி கொஞ்சம் ஆடம்பரம், ஆனால் நமக்குக் கெடுதல் செய்தவர் இல்லை. அத்தா மவுத்தாகி ஆறு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காத நம்மைக் கூப்பிட்டு எனக்கு வேலை கொடுத்தார். ஒரு பைசா சிபாரிசு இல்லாமல். அதை மறக்கக் கூடாது.

அந்தப் பொம்பளை விஷயத்தில் நீ எதற்குக் கொதிக்கிறாய்? சத்தியம் பண்ண மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? வேலைக்காரிகள் கொஞ்சம் கை நீட்டத்தான் செய்வார்கள். கடல்மீன் ருசி கண்டுவிட்டாள், பொரித்துத் தின்றிருப்பாள்! சவுரியப்பனிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கலர் மீனை யாருந் திங்க மாட்டாங்க தம்பி. கல்லுக்குள்ள வேற எவனோ இருக்கான்" என்று மட்டும் சொன்னார். என்னவென்று கேட்பதற்குள் தோணி கிளம்பிவிட்டது.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு, சிரிப்பார்கள்.

தஸ்தகீர்


786

அதியமான்கோட்டை
23-8-1969

அண்ணனுக்கு சலாம். அம்மா நலம். நானும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன்.

அந்தப் பொம்பளைக்கு மொதலாளி கெடு வைத்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஜமாத்துக்காரர்கள் நான்கு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் முன்னால் சத்தியம் பண்ண வேண்டும், அல்லது திருடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் ஊருக்கே திருடி. அதற்குள் திருடனைத் தானே பிடித்துவிடுவது என்று அவள் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பம்பு அடிக்கிறாள்.

நேற்றுக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறாள். கல்லுக்கடியில் மணலுக்குள் ஒரு சங்கு புதைந்திருக்கிறதாம். கடலைப் பொட்டலம் மடித்த மாதிரி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கூர். மேலே வலை பின்னியது போலப் பழுப்புக் கோடு. ரொம்ப அழகாம். அது மணலிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்றை நீட்டியது, பக்கத்தில் இருந்த மீன் துடித்து நின்றுவிட்டது, பிறகு சங்கின் வாய் சுருக்குப்பை போல விரிந்து மீனை அப்படியே விழுங்கிவிட்டது என்கிறாள். நம்ப முடிகிறதா? சங்கு மீன் தின்னுமா? சவுரியப்பனைக் கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கையோடு எடுத்து மொதலாளியிடம் காட்டப்போகிறாள். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

வஹிதா


786

மண்டபம்
26-8-1969
எக்ஸ்பிரஸ்

வஹிதா,

அந்தச் சங்கை யாரும் தொடக் கூடாது. யாரும். உன் கடிதம் இப்போதுதான் வந்தது. சவுரியப்பனுக்குப் படித்தேன். பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி ரோசம்மாளின் தம்பி அந்தச் சங்கால்தான் செத்தானாம். அழகாக இருக்கிறதே என்று எடுத்து மடியில் போட்டிருக்கிறான். கரைக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கடித்ததே தெரியாதாம். ஊசி மாதிரி ஒரு முள்ளை விடும். முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு கண் இமை தானாக மூடும். பேச்சு நிற்கும். கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது.

நான் கரையில் பொறுக்கி அனுப்பிய கல்லில்தான் அது வந்திருக்கிறது.

கடிதம் வர நாலு நாளாகும் என்று ஓடிப்போய் மொதலாளி வீட்டுக்குத் தந்தி அடித்துவிட்டேன். நானே இங்கிலீஷில் எழுதினேன். "ஷெல் இன் டேங்க் பாய்சன் டூ நாட் டச்." சுருக்கமாக, தெளிவாக. தபால் குமாஸ்தா "டேங்குக்கு முன்னால ஃபிஷ்னு போடவா?" என்று கேட்டார். "அங்கே ஒரே டேங்க்தான், அவருக்குப் புரியும்" என்றேன். நாளைக் காலைக்குள் சேர்ந்துவிடும். ஆகவே பயப்படாதே. அந்தப் பொம்பளையிடம் சொல், தஸ்தகீர் சொன்னான் என்று சொல், திருடியாகவே இருந்தாலும் பரவாயில்லை, அதைத் தொட வேண்டாம் என்று.

உடனே பதில்.

தஸ்தகீர்


786

மண்டபம்
6-9-1969

அன்புத் தங்கைக்கு. அம்மாவும் நீயும் நலம்தானா? பதினோரு நாளாக ஒரு வரி இல்லை. தபாலாபீசில் தினமும் போய் நிற்கிறேன்.

நேற்று லாரி வந்தது. டிரைவர் மாதுவிடம் முதல் கேள்வியாக, "தந்தி கிடைத்ததா?" என்று கேட்டேன். "கெடச்சுதுங்க. நாள் பூரா டீசலை எறக்குனோம்" என்றான். எனக்குப் புரியவில்லை.

"என்ன டீசல்?"

"நீங்கதானே தந்தி குடுத்தீங்க. ஷெல் பங்குல போட்ட டீசல் விஷம், டேங்கைத் தொடாதேன்னு. மொதலாளி படிச்சுட்டு, கலப்படம் பண்ணிட்டானுங்கடா, இஞ்சின் போயிரும்னு கத்துனாரு. ரெண்டு லாரியிலயும் டேங்கைக் கழட்டி, மொத்தத்தையும் டின்னுல புடிச்சோம். மோந்து பாத்தேன். நல்லாத்தான் இருக்குதுங்கன்னேன். படிச்சவன் தந்தி அடிச்சிருக்கான், உனக்கு என்னடா தெரியும்னாரு."

வஹிதா, ஷெல் என்றால் சங்கு. ஷெல் என்றால் அவருக்குப் பெட்ரோல் பங்கு. டேங்க் என்றால் எனக்குக் கண்ணாடித் தொட்டி. லாரிக்காரருக்கு டேங்க் என்றால் வேறென்ன? ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைத்தான் குமாஸ்தா கேட்டார், நான் வேண்டாம் என்றேன்.

"அந்த வேலைக்காரப் பொம்பளை எப்படி இருக்கிறாள்?" என்று மாதுவிடம் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வாங்கி, குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு லாரியில் ஏறிவிட்டான். கல் ஏற்றி முடியும் வரை இறங்கவே இல்லை.

அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அவளுக்குப் பிள்ளைகள் உண்டா? அவள் வீட்டுக்கு நான் என்ன சொல்வேன்? எழுது. எதுவானாலும் எழுது.

தஸ்தகீர்


786

அதியமான்கோட்டை
10-9-1969

அண்ணனுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னியுங்கள்.

தந்தி கிடைத்தும் மண் போட வராத மகனுக்கு என்ன கடிதம் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இன்றைக்கு வந்த உங்கள் கடிதத்தில் "அந்த வேலைக்காரப் பொம்பளை எப்படி இருக்கிறாள், அவளுக்குப் பிள்ளைகள் உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் உங்களுக்குத் தந்தியே வரவில்லை என்று தெரிந்தது. "உங்கண்ணனுக்கு நான் தந்தி அடிச்சுட்டேன்" என்று மொதலாளி குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த மையத்தின் முன்னால் நின்று சொன்னார். நீங்கள் கிளம்பி வந்துவிட்டால் அங்கே கல் ஏற்ற யார்?

அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டு. ஒரு மகன், ஒரு மகள்.

அது அம்மா, அண்ணே.

"உம் பையனுக்கு வேலை குடுக்கறேன். நீ வந்து வூட்டுல ஒத்தாசையா இரு. அவனுக்குத் தெரிய வேண்டாம், ரோசக்காரன்" என்று மொதலாளி சொன்ன அன்றைக்கே அம்மா போக ஆரம்பித்துவிட்டார்கள். சிபாரிசு இல்லாமல் உங்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த பம்புதான் சிபாரிசு. என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார்கள். நான் மறுத்தேன். "சத்தியம் வேண்டாம், பொய் மட்டும் எழுதாதே, அவனுக்குச் சொல்லாமல் விடு" என்றார்கள். நான் ஒரே ஒரு பொய்தான் எழுதினேன், அடுப்பில் கை சுட்டது என்று. மற்றதெல்லாம் உண்மை. "ர்கள்" போட்டதைக்கூட நீங்கள் கேட்டீர்கள். அதற்குப் பிறகு பெற்ற தாயை "அவள், அவள்" என்று எழுதினேன்.

உங்கள் தந்தி புதன்கிழமை காலையில் வந்தது. டீசல் பிடிக்கக் கடல் தண்ணீர் டின்களைக் கழுவிக் கொடுத்தது அம்மாதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "எம் புள்ள எங்கியோ கடலோரத்துல உக்காந்துக்கிட்டு ரெண்டு லாரிய காப்பாத்திட்டான் பாத்தியா? மொதலாளி எல்லார் முன்னாலயும் அவன் பேரைச் சொன்னாரு" என்றார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவர்களை நான் பார்த்தே பல வருஷம் ஆகிறது. நானும் புரிந்துகொள்ளவில்லை. எனக்கும் டேங்க் என்றால் லாரிதான்.

வியாழக்கிழமை மத்தியானம் சங்கு மீனை விழுங்கிக்கொண்டிருந்தபோது அம்மா அதைத் தூக்கிவிட்டார்கள். மீனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாட்சி! மொதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வரும் வரை அதை உள்ளங்கையில் மூடி, முந்தானையால் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் கதவோரம் நின்றிருக்கிறார்கள். நான் தைத்த துணியோடு அப்போதுதான் போனேன். அவர் கை கழுவிவிட்டு வந்தார்.

"என்ன பம்பு?"

"திருடனப் புடிச்சுட்டனுங்க."

கையை விரித்தார்கள். அதற்குள் வாலும் உள்ளே போய்விட்டிருந்தது. வெறும் சங்கு.

"இத்தினூண்டு சங்கு மீனைத் தின்னுதா? யாருகிட்ட கதை விடற? நாளைக்கு ஜமாத்துல சொல்லு இந்தக் கதைய" என்று சங்கை வாங்காமலே போய்விட்டார். அம்மா அதைத் திரும்பத் தொட்டியில் போட்டார்கள்.

பம்பை அப்படியே போட்டுவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார்கள். நடந்தே வந்தோம். இலக்கியம்பட்டி தாண்டும்போது "உதடு தடிச்சாப்பல இருக்குது, எறும்பு கடிச்சுதா பாரு" என்றார்கள். நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரத்தில் கண் இமை விழுந்தது. விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். "தூக்கம் வருது வஹிதா" என்றார்கள். அம்மாவுக்கு நடக்கும்போது தூக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு கட்டை வண்டியை மறித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். "என்ன கடிச்சது?" என்று கேட்டார்கள். "சங்கு" என்றேன். கம்பவுண்டர் சிரித்தான். "சங்கு ஊதத்தான் செய்யும், கடிக்குமா?" என்றான். பாம்புக்கடி என்று எழுதினார்கள். சாயங்கால அசர் தொழுகைக்குள் மூச்சு நின்றுவிட்டது. கடைசி வரை என் கையைப் பிடித்திருந்தார்கள். பேச முடியவில்லை. காது கேட்டது, எனக்குத் தெரியும்.

உங்கள் எக்ஸ்பிரஸ் கடிதம் சனிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை அடக்கம். ஜும்மா முடிந்து அதே நான்கு ஜமாத்துக்காரர்களோடு மொதலாளி வந்தார். கபன் துணி அவர் செலவு என்று அவரே சத்தமாகச் சொன்னார். நான் உள்ளே போய்க் குர்ஆனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முக்காடு கூடப் போடவில்லை. "எங்கம்மா திருடுனாங்கன்னு இதும்மேல கைய வெச்சு சொல்லுங்க மொதலாளி" என்றேன். தெருவே பார்த்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சின்னப் பொண்ணு, துக்கத்துல பேசுது" என்று யாரோ என்னை உள்ளே தள்ளினார்கள். ஆனால் அவர் கையை வைக்கவில்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதியிருந்தீர்களே, பொரித்துத் தின்றிருப்பாள் என்று. அதைப் படிக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "அந்தப் பொம்பளையைப் பத்தி என்னா எழுதியிருக்கான்?" என்று அம்மாவே கேட்டார்கள். "பாவம்னு எழுதியிருக்காரு" என்றேன். "எம் புள்ளைக்கு எரக்கம் ஜாஸ்தி" என்றார்கள். கடிதத்தில் எழுதிய பொய் ஒன்று, வாயால் சொன்ன பொய் ஒன்று. அந்த இரண்டாவதை மன்னிக்கச் சொல்லி அல்லாவிடம் நான் கேட்கப் போவதில்லை.

காற்றடிக்க ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று நேற்று ஜுபைதா பீ ஆள் அனுப்பினாள்.

வஹிதா


786

மண்டபம்
14-9-1969

வஹிதாவுக்கு,

அல்லா உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். எனக்கு வேண்டாம்.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கல் குவியலின் மேல் உட்கார்ந்து படித்தேன். சவுரியப்பன் வந்து தூக்கினார். ரோசம்மாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். கொடுத்தார்கள். இனி யாருக்கும் நான் "ள்" போட மாட்டேன்.

அம்மா காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார்கள். வெறுங்கையால் புழுவை எடுத்தார்கள். இடக்கையால் காற்றடித்தார்கள். உன் கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்தி வாசித்தேன். எல்லாம் அங்கேயே இருந்தது. நீ ஒன்றையும் மறைக்கவில்லை. தோள்வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா என்று நான் எழுதிய அதே தாளில்தான் உன் இலக்கணத்தைத் திருத்தியிருக்கிறேன்.

இன்று காலை மாதுவின் லாரி வந்தது. மொதலாளி கைப்பட ஒரு சீட்டு. "தொட்டியைக் கழுவியாகிவிட்டது. புதுக் கல், புது மீன் அனுப்பவும். சங்கு இல்லாமல் பார்த்து அனுப்பவும்." என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சங்கு இல்லாமல் அனுப்பவும் என்று எழுதத் தெரிந்திருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரியும், வஹிதா. எப்போது தெரிந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது.

மாது வண்டியை விட்டு இறங்கி என் காலைப் பிடித்தான். "வாயத் தொறந்தா வேலை போயிரும்னாருங்க. மூணு புள்ளைங்க எனக்கு" என்று அழுதான். நான் அவனைத் திட்டவில்லை. நான் நிழலில் உட்கார்ந்திருந்தவன்.

கல் ஏற்றவில்லை. லாரி காலியாகத் திரும்புகிறது. நானும் அதிலேயே வருகிறேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடலாம். நீ அந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். நான் ஏறுகிறேன்.

புறப்படுவதற்கு முன் தபாலாபீசுக்குப் போனேன். அதே குமாஸ்தா. படிவத்தை வாங்கி எழுதிக் கொடுத்தேன். பென்சிலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் படித்தார்:

"யுவர் ஃபிஷ் டேங்க் சர்வன்ட் ஜான் பீ மை மதர் நாட் தீஃப்."

"வார்த்தை அதிகமாகுதே தம்பி. ஃபிஷ்ஷை எடுத்திரலாமா?" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன். "ஒரு வார்த்தையும் எடுக்காதீங்க."

தஸ்தகீர்
ஜான் பீ மகன்